மூன்று வரிச் சான்றிதழும் நான்கு பக்கச் சான்றிதழும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனிக்கு வேலைக்குச் செல்ல விரும்புவோருக்கு வழிகாட்டும் நோக்கத்தில் தங்கள் நாளிதழ் அண்மையில் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ப்ளூ கார்டுக்கான (உயர் சம்பளம் பெறும் பட்டதாரிகளுக்குத் தரப்படும் குடியிருப்பு அனுமதி) சம்பள வரம்பு, விசாக் கட்டணம், தூதரகத்தில் நேரம் பெறும் முறை ஆகியவை அதில் ஒழுங்காகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனாலும் அதைப் படித்து முடிக்கும் ஒருவர், வேலை ஒப்பந்தம் கைக்கு வந்துவிட்டால் எஞ்சியதெல்லாம் படிவம் நிரப்பும் வேலைதான் என்று எண்ணிக்கொள்வார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன்; அதனால் 14 மாதங்களைத் தொலைத்தேன். அந்த 14 மாதங்கள் எங்கே போயின என்பதைச் சொல்லத்தான் இக்கடிதம். சற்று நீண்டுவிட்டதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நான் தொழிற்சாலைப் பராமரிப்பில் இருக்கும் எலக்ட்ரீசியன். பொறியியல் பட்டம் பெற்றவன் அல்லன்; தொழிற்பயிற்சி முடித்துவிட்டு இயந்திரங்களோடு வளர்ந்தவன். தங்கள் கட்டுரை பட்டதாரிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது என்பது என் முதல் குறை. ஜெர்மனியின் குடியிருப்புச் சட்டத்தில் தொழிற்பயிற்சி பெற்றவருக்கு 18ஏ, பட்டதாரிக்கு 18பி, ப்ளூ கார்டுக்கு 18ஜி என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. கட்டுரை முழுவதும் 18ஜி பற்றியே பேசிவிட்டு, வெல்டர், பிட்டர், எலக்ட்ரீசியன், சமையல் கலைஞர், செவிலியர் ஆகியோருக்கு உரிய 18ஏ பிரிவைப் பற்றி ஒரே ஒரு பத்தியில் முடித்துக்கொண்டது. அந்தப் பத்தியிலும் ஒரு பிழை இருக்கிறது. பயிற்சி பெற்ற அதே தொழிலில்தான் வேலை செய்ய வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். 2023 நவம்பர் 18ஆம் தேதிக்கு முன்பு நிலைமை அதுதான். அன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகரிக்கப்பட்ட தொழில்தகுதி உடையவர், பயிற்சி பெற்றோர் செய்யத்தக்க எந்த வேலையிலும் சேரலாம். செவிலியம், மருத்துவம் போன்று சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

அதே திருத்தத்தில் இன்னொரு சொல்லும் மாறியது. முன்பு சட்டம், திறன்மிகு பணியாளருக்குக் குடியிருப்பு அனுமதி "வழங்கப்படலாம்" என்றது. இப்போது "வழங்கப்படும்" என்கிறது. அதாவது நிபந்தனைகள் நிறைவேறிவிட்டால் அதிகாரியின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை, அனுமதி நம் உரிமையாகிவிடுகிறது. அப்படியானால் எல்லாம் ஒரே ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: சட்டம் யாரைத் திறன்மிகு பணியாளர் என்று அழைக்கிறது? இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரை அல்ல. முதலாளி மெச்சும் கைத்திறன் உள்ளவரையும் அல்ல. ஜெர்மனியில் பெற்ற தொழில்தகுதியோ, அதற்கு நிகரானது என்று உரிய அமைப்பு எழுத்தில் ஒப்புக்கொண்ட வெளிநாட்டுத் தகுதியோ உடையவரைத்தான் அச்சொல் குறிக்கிறது. அந்த எழுத்து கைக்கு வரும்வரை, எவ்வளவு தேர்ந்த தொழிலாளியும் சட்டத்தின் கண்ணில் திறன்மிகு பணியாளர் ஆவதில்லை. தூதரகத்துக்குப் போகுமுன்பே பலருடைய விண்ணப்பம் இங்கேதான் வெல்கிறது அல்லது விழுகிறது. தங்கள் கட்டுரையிலோ 'அங்கீகாரம்' என்ற சொல் ஒரு முறைகூட வரவில்லை.

பட்டதாரிகளுக்கு இது ஓரளவு எளிது. அனாபின் என்ற பொதுத் தரவுத்தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு நேரே, அது ஒப்புக்கொள்ளப்பட்ட நிறுவனம் என்பதைக் காட்டும் எச்-பிளஸ் குறி இருந்து, படித்த பட்டமும் அங்கே நிகரானது என்று பதிவாகியிருந்தால், அந்தப் பக்கங்களை அச்சிட்டு இணைத்தாலே பெரும்பாலும் போதும்; பதிவாகாத பட்டமென்றால் பான் நகரில் உள்ள வெளிநாட்டுக் கல்விக்கான மத்திய அலுவலகத்தில் ஒப்பீட்டுச் சான்று பெற வேண்டும்.

தொழிற்பயிற்சி பெற்றவர்களின் கதை வேறு. 2012 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் நடைமுறையில் இருக்கும் அங்கீகாரச் சட்டத்தின்படி, நம் பயிற்சி ஜெர்மனியின் குறிப்பிட்ட ஒரு தொழிற்பயிற்சியோடு பாடம் பாடமாக ஒப்பிடப்படுகிறது. என் விஷயத்தில் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது ஆலை மின்னணுவியல் தொழில். ஜெர்மானிய இளைஞர் ஒருவர் அதை மூன்றரை ஆண்டுகள் பயில்கிறார், பெரும்பகுதி நேரம் தொழிற்கூடத்திலும் மீதி நேரம் பள்ளியிலுமாக. நம் பயிற்சியின் காலமும் பாடமும் அதைவிடக் குறைவாக இருந்தாலும் கதவு மூடிவிடுவதில்லை. குறையும் பகுதியை வேலை அனுபவத்தால் ஈடுகட்டலாம் என்று சட்டமே சொல்கிறது. தொழிலாளிக்கு இதைவிடப் பெருந்தன்மையான விதி வேறு நாட்டில் இருக்கிறதா என்று எனக்கு ஐயம்தான். ஆனால் அந்த அனுபவத்தை மதிப்பிடுபவர் நம்மை நேரில் பார்ப்பதில்லை. நம்மைப் பற்றி எழுதப்பட்ட தாளைத்தான் அவர் பார்க்கிறார்.

2021இல் நான் விண்ணப்பித்தபோது இணைத்த அனுபவச் சான்றிதழ் இதுதான்: "இவர் எங்கள் நிறுவனத்தில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை எலக்ட்ரீசியனாகப் பணிபுரிந்தார். இக்காலத்தில் இவருடைய நடத்தை நன்றாக இருந்தது. இவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்." மூன்றே வரி, அதன் கீழ் பெரிய வட்ட முத்திரை. முத்திரை பெரிதாக இருந்ததால் சான்றிதழும் பெரிது என்று நம்பினேன்.

வந்த முடிவு "பகுதி நிகர்மை". அந்தக் கடிதத்தைப் பலமுறை படித்திருக்கிறேன். மரியாதையான, உணர்ச்சியற்ற மொழி. நிகராகக் கருதப்பட்ட பகுதிகள் முதலில் வரிசையாகத் தரப்பட்டிருந்தன. அதன் பிறகு, "கணிசமான வேறுபாடுகள்" என்ற தலைப்பின் கீழ், நிரல்வழிக் கட்டுப்பாட்டுக் கருவிகளை நிறுவுதல், அவற்றில் பழுது கண்டறிதல், மின்னமைப்புகளைப் பாதுகாப்புச் சோதனைக்கு உட்படுத்திப் பதிவேடு எழுதுதல் ஆகியவற்றுக்குச் சான்று இல்லை என்று இருந்தது. படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஏழு ஆண்டுகள் இரவுப் பணியில் நான் செய்த வேலை அதுதானே. பி.எல்.சி. என்று நாங்கள் அழைக்கும் அந்தக் கட்டுப்பாட்டுக் கருவி நின்றால் உற்பத்தி வரிசையே நின்றுவிடும். எத்தனை இரவுகள் அந்தப் பெட்டியின் முன் மண்டியிட்டு உட்கார்ந்து, சிவப்பு விளக்கு ஏன் எரிகிறது என்று தேடியிருக்கிறேன். ஆனால் அந்த இரவுகளில் ஒன்றுகூட என் சான்றிதழில் இல்லை. மதிப்பீட்டாளரை நான் குறை சொல்ல முடியாது. அவர் கையில் இருந்த தாள் நான் நல்லவன் என்று மட்டுமே அவருக்குச் சொன்னது.

அதன் பிறகு செய்ததை முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஒப்பீட்டுக்குரிய ஜெர்மானியத் தொழிலின் பயிற்சி விதிமுறை பொதுவெளியில் கிடைக்கிறது. எந்தக் கட்டத்தில் என்ன கற்பிக்கப்படுகிறது என்று அதில் பட்டியலே இருக்கிறது. அதை மொழிபெயர்த்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் பழைய பராமரிப்புப் பொறியாளருக்கு எழுதினேன். நான் எந்த இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டேன், எத்தனை வோல்ட் அமைப்புகளில் வேலை செய்தேன், எந்த வகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கையாண்டேன், காப்புத்தடைச் சோதனையை யாருடைய மேற்பார்வையில், எவ்வளவு கால இடைவெளியில் செய்தேன், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், முழுநேரமா பகுதிநேரமா என்று ஒவ்வொன்றையும் கேட்டிருந்தேன். அவர் நல்ல மனிதர். பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து, நான்கு பக்கம் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, தம் பதவியையும் தொடர்பு கொள்ளும் வழியையும் சேர்த்து அனுப்பினார். நான் வேலை செய்த இன்னொரு நிறுவனம் அதற்குள் மூடப்பட்டுவிட்டது. அங்கே கழித்த இரண்டு ஆண்டுகளுக்கு இன்றுவரை என்னிடம் சம்பளச் சீட்டுகளைத் தவிர வேறு எதுவும் இல்லை. புதிய ஆதாரங்களோடு மறுபடி விண்ணப்பித்தேன். முதல் முடிவு வந்து 14 மாதங்கள் ஆனபோது "முழு நிகர்மை" என்ற தாள் வந்தது. இடைப்பட்ட காலத்தில் என் கைக்குள் ஒரு புதிய திறமையும் வந்து சேரவில்லை. மாறியது காகிதம் மட்டும்தான்.

உரிய ஆவணங்கள் கிடைக்கவே வழியில்லாதவர்களுக்கும் சட்டம் ஒரு பாதை வைத்திருக்கிறது. திறன் பகுப்பாய்வு என்று அதற்குப் பெயர்: தொழில் வல்லுநர்கள் முன்னிலையில் வேலையைச் செய்து காட்டியோ, தொழில்முறை உரையாடல் மூலமோ தகுதியை நிறுவலாம். பகுதி நிகர்மை பெற்றவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. குடியிருப்புச் சட்டத்தின் 16டி பிரிவின் கீழ் ஜெர்மனிக்கு வந்து குறையும் பயிற்சியை நிறைவு செய்யலாம். 2024 மார்ச் 1 முதல், முதலாளியோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டு, வேலையில் சேர்ந்த பின் அங்கீகார நடைமுறையை நடத்திக்கொள்ளும் 'அங்கீகாரப் பங்காண்மை'யும் வந்திருக்கிறது. அதற்குக் குறைந்தது ஏ2 நிலை (ஐரோப்பிய மொழி அளவுகோலின் ஆறு படிகளில் இரண்டாவது) ஜெர்மன் மொழியறிவு வேண்டும்.

அங்கீகாரமே தேவைப்படாத வழி ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் வேறொரு வாசகர் என்னைத் திருத்தி எழுதுவார். 2024 மார்ச் 1 முதல், சொந்த நாட்டில் அரசு ஒப்புக்கொண்ட, குறைந்தது இரண்டாண்டுப் பயிற்சியும், கடந்த ஐந்து ஆண்டுகளில் இரண்டு ஆண்டு அனுபவமும் உடையவர், ஒழுங்குபடுத்தப்படாத தொழில்களில் நேரடியாக வேலை அனுமதி பெறலாம். ஆனால் ஆண்டுச் சம்பளம் அந்தந்த ஆண்டின் வரம்பை எட்ட வேண்டும்; 2025இல் அது 43,470 யூரோ. முதலாளி தொழிற்சங்க ஊதிய ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவராக இருந்தால் அந்த ஒப்பந்த ஊதியம் போதும். இந்த வழியில்கூட, இரண்டு ஆண்டு அனுபவத்தை எதை வைத்துக் காட்டுவது? மறுபடியும் அந்தச் சான்றிதழ்தான். வேலை தேடுவதற்காக ஓராண்டுக்குத் தரப்படும் வாய்ப்பு அட்டையிலும் இதே கணக்குதான்: முழு அங்கீகாரம் பெற்றவருக்குப் புள்ளிகளே வேண்டாம், மற்றவர்கள் திரட்ட வேண்டிய ஆறு புள்ளிகளில் நான்கை, பகுதி அங்கீகாரம் ஒன்றே தந்துவிடுகிறது.

செவிலியர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் ஏமாற்றத்துக்கு உள்ளாவோரில் அவர்கள் மிகுதி. என் தங்கை செவிலியர். அவருடைய தொழில் ஒழுங்குபடுத்தப்பட்டது என்பதால், நிகர்மையைத் தீர்மானிப்பது அவர் வேலைக்குச் செல்லும் மாநிலத்தின் அதிகார அமைப்பு. 2020இல் சீரமைக்கப்பட்ட ஜெர்மானியச் செவிலியர் பயிற்சியில் வகுப்பறைக் கல்வி 2,100 மணி நேரம், நடைமுறைப் பயிற்சி 2,500 மணி நேரம். முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் நலம், மனநலம், வீட்டுவழிப் பராமரிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கு உண்டு. என் தங்கையின் மதிப்பெண் பட்டியலில் பாடங்களின் பெயரும் மதிப்பெண்ணும் இருந்தன, மணிக்கணக்கு இல்லை. குழந்தைகள் பிரிவில் அவர் எத்தனை வாரம் நின்றார் என்பது கல்லூரியின் பதிவேட்டில் இருந்தது, அவர் கையில் இல்லை. கேட்டு வாங்க அலைந்த அலைச்சலை இங்கே எழுதப் போவதில்லை. 2024 முதல், செவிலியர்கள் இந்த விரிவான ஒப்பீட்டையே வேண்டாமென்று விட்டுக்கொடுத்து, நேரடியாக அறிவுத் தேர்வுக்கோ தகவமைப்புப் பயிற்சிக்கோ செல்லலாம் என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. என் தங்கை தேர்வைத் தேர்ந்தெடுத்தார். வாய்மொழிப் பகுதியும், நோயாளியின் படுக்கையருகில் நடக்கும் செய்முறைப் பகுதியும் கொண்ட அத்தேர்வில் தோற்றால் ஒரு முறைதான் மறுபடி எழுதலாம். அவர் தேறிவிட்டார். ஆனால் மணிக்கணக்கு முழுமையாகக் கையில் இருப்பவர் அவசரப்பட்டு ஒப்பீட்டை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. எழுத வேண்டிய தேவையே இல்லாத தேர்வை அவர் வலியப் போய் எழுத நேரும். அங்கீகாரம் வரும்வரை மருத்துவமனையில் உதவியாளர் வேலையும் உதவியாளர் சம்பளமும்தான் என்பதை முகவர்கள் புறப்படும்முன் சொல்வதில்லை.

பெயர் விஷயத்தையும் குறிப்பிட்டுவிடுகிறேன். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாதவர்களின் ஆவணங்களில், கடவுச்சீட்டில் ஒரு வரிசையும் மதிப்பெண் பட்டியலில் வேறு வரிசையும் அனுபவச் சான்றிதழில் முதலெழுத்து மட்டுமாகவும் பெயர் இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும். ஜெர்மானிய அதிகாரிக்குத் தெரிய நியாயமில்லை. விண்ணப்பிக்கும் முன்பே இதைச் சரிசெய்துகொள்வது நல்லது. சான்றுறுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடமே எல்லாத் தாள்களையும் ஒரே முறையில் கொடுப்பதும் நல்லது. என் ஆவணங்களை இருவரிடம் பிரித்துக் கொடுத்ததால், ஒரே பதவிக்கு இரண்டு ஜெர்மன் பெயர்கள் வந்து, நான் இரண்டு வேலை பார்த்தவன் போலத் தோற்றமளித்தேன்.

இனி, பணத்தைப் பற்றி. கணினித் துறை, ஆலை, வணிகம் சார்ந்த பல தொழில்களின் அங்கீகாரத்தைக் கவனிக்கும், நூர்ன்பெர்க்கில் உள்ள ஐ.எச்.கே. ஃபோசா அமைப்பு வாங்கும் கட்டணம் வேலையின் அளவைப் பொறுத்து 100 முதல் 600 யூரோ வரை. தேசிய விசாக் கட்டணம் 75 யூரோ. குடியிருப்புச் சட்டத்தின் 81ஏ பிரிவின் கீழான விரைவு நடைமுறைக்கு 411 யூரோ. இந்த விரைவு நடைமுறையைத் "தங்கள் தொடர்பு மூலம்" ஏற்பாடு செய்வதாகச் சொல்லி ஆயிரக்கணக்கான யூரோ கேட்கும் முகவர்கள் இருக்கிறார்கள். என்னிடமும் ஒருவர் கேட்டார். உண்மை என்னவென்றால், அதை விண்ணப்பிக்கும் உரிமை முதலாளிக்கே உண்டு. நாம் எழுதித்தரும் அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு, ஜெர்மனியில் உள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தோடு அவர் ஒப்பந்தம் செய்கிறார். அதன் பிறகு அங்கீகார அமைப்புக்கு இரண்டு மாதம், வேலைவாய்ப்பு முகமைக்கு ஒரு வாரம், தூதரக நேரத்துக்கு மூன்று வாரம், முழுமையான விண்ணப்பத்தின் மீது விசா முடிவுக்கு மேலும் மூன்று வாரம் என்று காலக்கெடு ஓடத் தொடங்குகிறது. கவனிக்க வேண்டியது: ஆவணங்கள் முழுமையாக இருந்தால்தான் கடிகாரம் ஓடும். மூன்று வரிச் சான்றிதழை 411 யூரோ கொடுத்தாலும் விரைவாக்க முடியாது. முகவராலும் முடியாது.

ப்ளூ கார்டு சம்பள வரம்பு 2025க்கு 48,300 யூரோ என்று தங்கள் கட்டுரை சரியாகவே சொல்லியிருக்கிறது. ஆண்டுதோறும் ஓய்வூதியக் காப்பீட்டு உச்சவரம்போடு சேர்ந்து இது ஏறும் என்பதையும், 45 வயதைக் கடந்து முதன்முதலாக வருபவர் 18ஏ, 18பி பிரிவுகளில் குறிப்பிட்ட அளவு சம்பளமோ (2025இல் 53,130 யூரோ) போதிய முதுமைக்கால ஏற்பாடோ காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கலாம். என்னோடு விண்ணப்பித்த மூத்த தொழிலாளி ஒருவருக்கு இந்த வயது விதி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் தெரிந்தது.

முதல் விண்ணப்பமே சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு இப்போது கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் விசா மறுக்கப்பட்டால் தூதரகத்துக்கே மேல்முறையீட்டுக் கடிதம் எழுதி, விடுபட்ட ஆவணத்தைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த நடைமுறை உலகம் முழுவதும் நிறுத்தப்பட்டுவிட்டது. இனி மறுத்தால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு ஷிப்ட் பார்க்கும் தொழிலாளி பெர்லினில் வழக்கு நடத்துவார் என்று நான் நினைக்கவில்லை. 2025 தொடக்கத்திலிருந்து தேசிய விசாவுக்கு இணையவழியில் விண்ணப்பிக்க வசதி செய்திருப்பது நல்ல மாற்றம்தான்; ஆனால் எது விடுபட்டது என்று கண்ணாடிக்கு அப்பால் இருந்து சொல்லும் அலுவலரை நம்பியிருந்த காலம் போய், பதிவேற்றும் முன் நாமே நம் கோப்பைக் கண்டிப்பான அதிகாரியின் கண்ணோடு பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

விசா கிடைத்து வந்து இறங்கியவுடன் எல்லாம் முடிந்ததாகவும் தங்கள் கட்டுரை காட்டுகிறது. விசா என்பது உள்ளே வருவதற்கும் முதல் சில மாதங்களுக்கும்தான். குடியிருப்பு அனுமதி அட்டையைத் தருவது ஊரில் உள்ள வெளிநாட்டவர் அலுவலகம். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். விசா முடியுமுன் அந்த அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே நேரம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் நகரங்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. விசா முடியும் நாள் நெருங்கியபோது, அட்டைக்குப் பதிலாக இடைக்காலச் சான்று ஒன்று தந்தார்கள். மடித்த சிறு தாள். உள்ளே சட்டத்தின் 81ஆம் பிரிவைச் சுட்டும் மூன்று கட்டங்கள், அவற்றில் ஒன்றில் மட்டும் குறி. நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்பலாமா என்பதை அந்தக் குறிதான் முடிவு செய்கிறது. மூன்றாவது கட்டத்தில், அதாவது 81(4) என்ற இடத்தில், குறி இருந்தால் பழைய அனுமதி தொடர்வதாகப் பொருள். பயணம் செய்து திரும்பலாம். மற்ற இரண்டில் இருந்தால் வெளியே போனவர் அந்தத் தாளைக் காட்டித் திரும்ப முடியாது. விசா முடியுமுன்பே விண்ணப்பித்திருந்ததால் என் தாளில் மூன்றாவது கட்டத்தில் குறி இருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவருக்கு அப்படி இல்லை; அவர் அதற்குள் விமானச் சீட்டு வாங்கிவிட்டிருந்தார். அந்தக் கட்டங்களைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அட்டையோடு வரும் இணைப்புத்தாளையும் பலர் படிப்பதில்லை. எந்த வேலை, எந்த முதலாளி என்ற நிபந்தனை அதில்தான் இருக்கும். வேலை இடையில் முடிந்துவிட்டால், தெரிந்த இரண்டு வாரத்துக்குள் நாமே அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். முதலாளியும் நான்கு வாரத்துக்குள் தெரிவிப்பார் என்பதால், மறைத்துப் பயனில்லை. மூன்று ஆண்டுகள் முடிந்து, 36 மாத ஓய்வூதியப் பங்களிப்பும் பி1 நிலை (ஏ2க்கு அடுத்த படி) ஜெர்மன் மொழியறிவும் இருந்தால் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆசிரியர் அவர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, தங்கள் வகைப்படுத்தப்பட்ட விளம்பரப் பக்கத்தில் "ஜெர்மனி வேலை, விசா உத்தரவாதம்" என்று வரும் விளம்பரங்களைக் குறித்தது. விசா உத்தரவாதத்தைத் தூதரகமே தருவதில்லை. இந்த வாசகத்தோடு வரும் விளம்பரங்களை ஏற்பதில்லை என்று தாங்கள் முடிவெடுத்தால், அந்தப் பக்கத்தின் வருவாய் சற்றுக் குறையலாம். அந்த இழப்பைத் தாங்கும் வலிமை தங்கள் நாளிதழுக்கு உண்டு என்று நம்புகிறேன். ஜெர்மன் அரசின் 'மேக் இட் இன் ஜெர்மனி' தளத்திலும், தொழில் அங்கீகாரத்துக்கான மைய ஆலோசனைச் சேவையிலும் இலவசமாகவே வழிகாட்டுகிறார்கள். அவற்றின் பெயரையாவது அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அச்சிடலாம்.

இரண்டாவது வேண்டுகோள் சிறியது. என் பழைய நிறுவனம் முதலில் தந்த சான்றிதழையும், பின்னர் என் பொறியாளர் எழுதித் தந்த சான்றிதழையும், பெயர்களையும் முத்திரையையும் மறைத்து, இக்கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். பக்கத்தில் இடம் இருக்குமானால் இரண்டையும் அருகருகே வெளியிடுங்கள். நான்கு பக்கத்துக்கும் இடம் இல்லையென்றால், கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பற்றிய இரண்டாம் பக்கம் மட்டும் போதும்.

தங்கள் உண்மையுள்ள,
ஜெர்மனியில் பணிபுரியும் வாசகன்